அதிபரின் பொறுப்பும் அறியாமை என்னும் கவசமும்

(கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

1986 அக்டோபர் 5 அன்று நிகரகுவாவின் தென்பகுதிக் காடுகளின் மேல் தாழப் பறந்த ஒரு சரக்கு விமானத்தைச் சாண்டினிஸ்டா படையின் இளம் வீரர் ஒருவர் ஏவுகணையால் சுட்டு வீழ்த்தினார். விமானத்தில் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் இருந்தன. அதில் வந்த நால்வரில் மூவர் இறந்தனர். பாராசூட்டில் குதித்துத் தப்பிய யூஜின் ஹாசன்ஃபஸ் என்ற அமெரிக்கர் மறுநாள் பிடிபட்டார். சிஐஏ மேற்பார்வையில் நடக்கும் வேலை இது என்றார் அவர். அந்த விமானத்துக்கும் தனக்கும் தொடர்பில்லை என்றது அமெரிக்க அரசு. அந்த மறுப்பு சில வாரங்களில் பொய்த்துப்போனது. அதன்பின் ஏழு ஆண்டுகள் நீடித்த விசாரணைகள் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தன: அதிபருக்குத் தெரியுமா? அந்தக் கேள்வியே யாரைக் காப்பாற்றியது என்பதைப் புரிந்துகொள்வதே இந்த உரையின் நோக்கம்.

தடை செய்யப்பட்ட பணம்

1979 ஜூலையில் சோமோசா குடும்பத்தின் நாற்பதாண்டுக் கொடுங்கோலாட்சியை நிகரகுவா மக்கள் வீழ்த்தினர். 1981 ஜனவரியில் பதவியேற்ற ரொனால்ட் ரீகன் அந்தப் புரட்சியைக் கவிழ்க்க முனைந்தார். சோமோசாவின் பழைய படையினரை முதுகெலும்பாகக் கொண்ட காண்ட்ரா கூலிப்படையைச் சிஐஏ வளர்த்தது. பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் கூட்டுறவுப் பண்ணைகளும் அப்படையின் இலக்குகளாயின. அந்தப் போர் ஏறத்தாழ 30,000 உயிர்களைக் குடித்தது. நிகரகுவாத் துறைமுகங்களில் சிஐஏ கண்ணிவெடிகள் வைத்த செய்தி 1984இல் அம்பலமானது. 1986 ஜூன் 27 அன்று சர்வதேச நீதிமன்றம், அமெரிக்கா சர்வதேசச் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை மதிக்குமாறு கோரும் தீர்மானம் பாதுகாப்பு கவுன்சிலுக்கு வந்தபோது, அமெரிக்கா தன் வீட்டோ அதிகாரத்தால் அதை முறியடித்தது.

அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு டாலர் கூட எடுக்க முடியாது என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் விதி. வியட்நாம் போரின் நினைவு மாறாத மக்களின் எதிர்ப்பு வலுத்த நிலையில், 1982 டிசம்பரில் போலண்ட் திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 411-0 என்ற கணக்கில் நிறைவேறியது. நிகரகுவா அரசைக் கவிழ்ப்பதற்காகப் பணம் செலவிடுவதை அது தடுத்தது. 1984 அக்டோபரில் வந்த இரண்டாவது திருத்தம் இன்னும் கடுமையானது. உளவுப் பணியில் ஈடுபடும் எந்த அமைப்பும் காண்ட்ராக்களின் போருக்கு உதவக்கூடாது என்று அது விதித்தது.

சட்டம் கதவை அடைத்தவுடன் வெள்ளை மாளிகை வேறு வாசல் தேடியது. தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலில் பணியாற்றிய லெப்டினன்ட் கர்னல் ஆலிவர் நார்த்திடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. சவூதி அரசு இரகசியமாக 3.2 கோடி டாலர் கொடுத்தது. புரூனே சுல்தான் கொடுத்த 1 கோடி டாலர், கணக்கு எண்ணில் நேர்ந்த பிழையால் சம்பந்தமற்ற ஒருவரின் சுவிஸ் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. இதே காலத்தில், ஈரானுக்கு ஆயுதம் விற்காதீர்கள் என்று உலக நாடுகளை வற்புறுத்திக்கொண்டிருந்த அதே அரசு, லெபனானில் பிணையாகப் பிடிக்கப்பட்டிருந்த அமெரிக்கர்களை மீட்கும் பேரத்தில் ஈரானுக்கே ஏவுகணைகளை விற்றது. இடைத்தரகர்களாக நின்ற ரிச்சர்ட் செகார்டும் ஆல்பர்ட் ஹக்கீமும் நடத்திய நிறுவனங்களில் சுமார் 1.6 கோடி டாலர் உபரி குவிந்தது. அதில் குறைந்தது 38 லட்சம் டாலர் காண்ட்ராக்களுக்குச் சென்றது.

ஒரே கேள்வியாகச் சுருங்கிய விசாரணை

1986 நவம்பர் 3 அன்று லெபனான் வார இதழான அஷ்-ஷிரா ஆயுத விற்பனையை வெளியிட்டது. நவம்பர் 13 அன்று தொலைக்காட்சியில் தோன்றிய ரீகன், பிணையாளிகளுக்காக ஆயுதம் கொடுக்கவில்லை என்று மறுத்தார். நவம்பர் 25 அன்று அட்டர்னி ஜெனரல் எட்வின் மீஸ், ஈரான் பணம் காண்ட்ராக்களுக்குத் திருப்பிவிடப்பட்டதை அறிவித்தார். நார்த் நீக்கப்பட்டார், பாதுகாப்பு ஆலோசகர் ஜான் பாயிண்டெக்ஸ்டர் பதவி விலகினார்.

அன்று முதல் நாடு முழுவதும் ஒரு காகிதத்தைத் தேடியது. அதிபரின் ஒப்புதலுக்கென்று நார்த் தயாரித்த, நிதி திருப்பப்படுவதைக் கூறும் குறிப்பு ஒன்று அவர் அலுவலகத்தில் கிடைத்தது. ரீகன் கையெழுத்திட்ட படி எதுவும் கிடைக்கவில்லை. அதற்குள் நார்த்தின் அலுவலகத்தில் ஆவணங்கள் கட்டுக்கட்டாகக் கிழிக்கும் இயந்திரத்துக்கு இரையாகியிருந்தன. அதிபரைக் காப்பதற்காகவே தாம் அவரிடம் சொல்லவில்லை என்று பாயிண்டெக்ஸ்டர் 1987 ஜூலையில் சாட்சியம் அளித்தார். அதே பாயிண்டெக்ஸ்டர், 1985 டிசம்பரில் ரீகன் கையெழுத்திட்ட ஆயுத விற்பனை ஆணையைத் தம் கையாலேயே கிழித்ததையும் ஒப்புக்கொண்டார். அது அதிபருக்கு அரசியல் சங்கடத்தை உண்டாக்கும் என்பதே அவர் சொன்ன காரணம்.

ஆனால் எவரும் மறுக்காத உண்மைகள் எவை? ஈரானுக்கு ஆயுதம் விற்க ஆணையிட்டவர் ரீகன். அதை நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்கக்கூடாது என்று 1986 ஜனவரி 17 அன்று கையெழுத்திட்டவரும் அவரே. 1984 ஜூன் 25 அன்று அவர் தலைமையில் நடந்த கூட்டத்தில், பிற நாடுகளிடம் காண்ட்ராக்களுக்குப் பணம் திரட்டினால் பதவிநீக்கக் குற்றச்சாட்டுக்கு வழிவகுக்கலாம் என்ற எச்சரிக்கை பேசப்பட்டது. செய்தி வெளியே கசிந்தால் கசியவிட்டவர் யாரென்று தெரியும்வரை எல்லோரும் வெள்ளை மாளிகை வாசலில் கட்டைவிரலில் தொங்க வேண்டியிருக்கும் என்று சொல்லி அவர் கூட்டத்தை முடித்தார். அவருடைய கவலை சட்டத்தைப் பற்றியதாக இல்லை, இரகசியத்தைப் பற்றியதாக இருந்தது. 1987 மே மாதத்தில், காண்ட்ராக்களுக்கு ஆதரவு அளிப்பது முதலிலிருந்தே தம்முடைய யோசனைதான் என்று அவரே பகிரங்கமாகச் சொன்னார்.

போருக்கான சட்டவிரோத நிதி ஏற்பாடு முழுவதும் கண்முன் விரிந்திருக்க, 38 லட்சம் டாலர் தெரியுமா தெரியாதா என்பது மட்டுமே கேள்வியாகச் சுருக்கப்பட்டது. நிதியைத் திருப்பிவிட்ட பரபரப்பு, மற்றவற்றிலிருந்து மக்கள் கவனத்தைத் திருப்பவும் பயன்பட்டது என்று நார்த்தே பின்னாளில் தம் நினைவுக் குறிப்பு நூலில் எழுதினார்.

விசாரணைகளும் ஒரு மன்னிப்பும்

அதிபரே அமைத்த டவர் குழு 1987 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. ரீகனின் கவனக்குறைவான நிர்வாகப் பாணியே குறை என்றது. கொள்கையின் குற்றம் குணத்தின் குறையாக மாற்றப்பட்டது. மார்ச் 4 அன்று ரீகன், ஆயுதம் கொடுக்கவில்லை என்று தம் மனம் சொன்னாலும் உண்மைகள் வேறாகச் சொல்கின்றன என்று பேசி முடித்துக்கொண்டார்.

நாடாளுமன்றக் கூட்டுக்குழுக்கள் 1987 நவம்பரில், இறுதிப் பொறுப்பு அதிபருடையது என்றும், அவருக்குத் தெரியாதிருந்தால் தெரிந்திருக்க வேண்டும் என்றும் எழுதின. சரியான வாசகம். ஆனால் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மை இருந்தும் பதவிநீக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை. நார்த், பாயிண்டெக்ஸ்டர் இருவரின் சாட்சியமும் அவர்களுக்கு எதிராகப் பயன்படாது என்ற பாதுகாப்பை அக்குழுக்கள் வழங்கின. நீதிமன்றத்தில் இருவரும் தண்டிக்கப்பட்டபோது, அந்தப் பாதுகாப்பே மேல்முறையீட்டில் தண்டனைகளை உடைத்தது.

1986 டிசம்பரில் நியமிக்கப்பட்ட சுயேச்சை வழக்குரைஞர் லாரன்ஸ் வால்ஷ், ரீகனின் குடியரசுக் கட்சியையே சேர்ந்த முன்னாள் நீதிபதி. அவர் 14 பேர் மீது வழக்குத் தொடுத்தார். 1990இல் பாயிண்டெக்ஸ்டர் வழக்கில் சாட்சியம் அளித்த ரீகன், நினைவில்லை என்ற பதிலை 80 தடவைக்கு மேல் சொன்னார். முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காஸ்பர் வெய்ன்பெர்கர் மறைத்து வைத்திருந்த கையெழுத்துக் குறிப்புகள் வால்ஷிடம் சிக்கின. 1985 டிசம்பர் 7 கூட்டத்தில், சட்டமீறல் என்ற குற்றச்சாட்டுக்குத் தம்மால் பதில் சொல்ல முடியும் என்று ரீகன் கூறியது அக்குறிப்புகளில் இருந்தது. வெய்ன்பெர்கர் மீதான விசாரணை 1993 ஜனவரி 5 அன்று தொடங்கவிருந்தது. அதற்கு 12 நாள் முன்னதாக, அதாவது 1992 டிசம்பர் 24 அன்று, ரீகன் ஆட்சியில் துணை அதிபராக இருந்து அப்போது அதிபராகியிருந்த ஜார்ஜ் புஷ், அவர் உட்பட ஆறு பேருக்கு மன்னிப்பு வழங்கினார். மூடிமறைப்பு முழுமை பெற்றுவிட்டது என்றார் வால்ஷ்.

1994 ஜனவரியில் வெளியான இறுதி அறிக்கையில் வால்ஷ் இரண்டு முடிவுகளைச் சொன்னார். நீதிமன்றத்தில் நிரூபித்துத் தண்டிக்கும் அளவுக்கு ரீகன் மீது சாட்சியம் இல்லை என்பது ஒன்று. பிறர் செய்த குற்றங்களுக்கான சூழலை உருவாக்கியவர் ரீகன் என்பது மற்றொன்று. முதலாளித்துவப் பத்திரிகைகள் முதல் முடிவைப் பற்றிக்கொண்டன. வரலாறு இரண்டாவதைப் படிக்க வேண்டும்.

பொறுப்பு என்பது எது?

ஆளும் வர்க்கத்தின் அரசு தன் உச்சியில் இருப்பவரைக் காப்பதற்கென்றே அறியாமையை ஒழுங்காக ஏற்பாடு செய்கிறது. மேலே இருப்பவர் இலக்கைச் சொல்வார், வழியைக் கேட்கமாட்டார். கீழே இருப்பவர் வழியைச் செய்வார், காகிதத்தைக் கிழிப்பார். பிடிபட்டால் கீழே இருப்பவர் தேசபக்தராகிச் சிலுவை சுமப்பார். மேலே இருப்பவர் ஞாபகமறதிக்காரராகி ஓய்வு பெறுவார். பின்னர் இருவருக்கும் மறுவாழ்வு உண்டு. பொய்யாகத் தகவல் மறைத்த குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புப் பெற்ற எலியட் ஆப்ரம்ஸ், 2019இல் வெனிசுலா விவகாரத்துக்கான அமெரிக்கச் சிறப்புத் தூதராக மீண்டும் வந்தார்.

நாடாளுமன்றத்தின் கண்ணுக்கு எட்டாத பணம் எங்கும் இதே கேள்வியை எழுப்பும். இந்தியாவில் தேர்தல் பத்திரத் திட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரதமரைத் தலைவராகக் கொண்ட பிஎம் கேர்ஸ் நிதி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் எல்லைக்குள் வராது என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் வாதிட்டது. இவை காண்ட்ரா விவகாரத்துக்கு ஒப்பானவை அல்ல. ஆனால் பணத்தின் வழி மறைக்கப்படும் இடத்தில் பொறுப்பும் மறைகிறது என்ற பாடம் பொதுவானது.

எனவே தோழர்களே, இத்தகைய விவகாரம் எழும்போதெல்லாம் தலைவருக்குத் தெரியுமா என்ற கேள்வியோடு நின்றுவிடக்கூடாது. இலக்கை வகுத்தவர் யார், இரகசியத்தை விதித்தவர் யார், பலன் பெற்றவர் யார் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நிகரகுவாவின் மலைக்கிராமங்களில் புதைக்கப்பட்ட விவசாயிகளுக்கு, காகிதத்தில் கையெழுத்து இருந்ததா இல்லையா என்பதால் மரணம் மாறிவிடவில்லை. அவர்களைக் கொன்ற குண்டுகளின் விலையைத் திரட்டச் சொன்னவர் யார் என்பது, விசாரணைகள் தொடங்குவதற்கு முன்பே தெரிந்திருந்தது.