மூணாவது வாரத்துல கத்துக்கறது

(வேலைக்குப் போகவிருக்கும் மாணவர்களுக்கான முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



ரோஸ்டர், பதவி உயர்வு, நிரப்பாம வச்சிருக்கிற பின்னடைவுக் காலியிடங்கள் பத்தியெல்லாம் காலையில் பேசின தோழர் விரிவாகவே பேசிவிட்டார். நான் அதுக்குள்ள போகலை. வேலை கிடைச்சு அந்த நாற்காலியில போய் உட்கார்ந்த பிறகு என்ன நடக்குதுங்கறதைத்தான் பேசப்போறேன். சாதியை வீட்டுல கத்துக்கறாங்க, தெருவுல கத்துக்கறாங்க, கோயில்ல கத்துக்கறாங்கன்னு நாம சொல்றோம். சரிதான். அலுவலகத்துலயும் கத்துக்கறாங்க. அதுவும் ரொம்ப சீக்கிரமா.

இருபத்தாறு வருசமா நான் அரசு அலுவலகத்துல வேலை பாக்கறேன். எந்தத் துறைங்கறது இங்க வேண்டாம். சில வருசத்துக்கு முன்னால தேர்வாணையத் தேர்வு எழுதி இளநிலை உதவியாளரா ஒரு பையன் வந்தான். இடைநிலைச் சாதி. நகரத்துல வளர்ந்தவன், நல்ல பையன். முதல் வாரம் எங்களோட உட்கார்ந்துதான் சாப்பிட்டான். "அண்ணே, உங்க வீட்டுக் கருவாட்டுக் குழம்பு மாதிரி வராதுண்ணே"ன்னு என் டப்பாவுல இருந்து எடுத்து ஊத்திக்குவான். மூணாவது வாரம் கண்காணிப்பாளர் மேசைக்கு மாறிட்டான். அண்ணே போயி சார் வந்தது. அப்புறம் அந்த சாரும் போயி, பேர் சொல்லாம, முகம் பார்க்காம, கோப்பை மட்டும் நீட்டறது வந்தது.

அவனைக் கூப்பிட்டு யாரும் வகுப்பு எடுக்கலை. அவன் பார்த்தான், அவ்வளவுதான். கண்காணிப்பாளர் மேசையில சாப்பிடறவங்களுக்குத் தற்செயல் விடுப்பு கேள்வி இல்லாம கையெழுத்தாகுது. எங்களோட உட்கார்ந்து சாப்பிட்ட தட்டச்சர் அம்மாவைப் பதிவறைக்கு மாத்திட்டாங்க. அந்தம்மா நம்ம ஆளு கிடையாது. அதனாலதான் மாத்தினாங்க. பையன் கணக்குப் போட்டுட்டான்.

இதைப் படிக்கிற ஒரு துறையே உளவியல்ல இருக்கு. ஆல்பர்ட் பண்டூரான்னு ஒருத்தர். 1961ல அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில ஒரு சோதனை செய்தார். பெரியவர் ஒருத்தர் காத்தடிச்ச பொம்மையைப் போட்டு அடிக்கிறதைச் சின்னப் பிள்ளைங்க பார்க்குதுங்க. அப்புறம் பிள்ளைங்களைப் பொம்மையோட விட்டா, அதே மாதிரி அடிக்குதுங்க. இது எல்லாருக்கும் தெரிஞ்ச சேதி. எனக்கு முக்கியமாப் படறது 1965ல அவர் செய்த இன்னொரு சோதனை. இந்தத் தடவை படமாக் காட்டினாங்க. ஒரு குழுவுக்குக் காட்டின படத்துல அடிச்ச ஆளுக்குப் பரிசு. இன்னொண்ணுல தண்டனை. மூணாவதுல ஒண்ணுமில்லை. தண்டனையைப் பார்த்த பிள்ளைங்க கம்மியாத்தான் அடிச்சதுங்க. அத்தோட விட்டிருந்தா, தண்டிச்சாத் திருந்திடுவாங்கன்னு எழுதிட்டுப் போயிருப்பாங்க. பண்டூரா விடலை. 'படத்துல பார்த்ததைச் செய்து காட்டு, பரிசு தர்றேன்'னார். மூணு குழுவும் ஏறக்குறைய ஒண்ணு போலவே செய்து காட்டிச்சு.

அதாவது எல்லாப் பிள்ளையும் கத்துக்கிட்டிருந்தது. சில பிள்ளைங்க வெளியே காட்டலை, அவ்வளவுதான். இதை நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்து பாருங்க. 1955ல தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது, 1989ல வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 'டீக்கடையில இப்ப ஒரே டம்ளர்தானே, இன்னும் என்ன சாதி?'ன்னு நம்மகிட்டயே கேக்கறாங்க. டம்ளர் ஒண்ணாச்சு, அதுவும் எல்லா ஊர்லயும் இல்லை. கத்துக்கிட்டது அங்கேயேதான் இருக்கு. தண்டனை வராதுன்னு தெரிஞ்ச இடத்துல, பரிசு வரும்னு தெரிஞ்ச இடத்துல அது எழுந்து நிக்கும். தட்டச்சர் அம்மா மாத்தலை வேற எப்படிப் புரிஞ்சுக்கறது?

பண்டூராகிட்ட எனக்கு ஒரு குறையும் உண்டு. அவர் பொம்மையை அடிச்சது யாரோ ஒரு அந்நியர். நம்ம நாட்டுல கத்துக்கொடுக்கறது அன்பான பாட்டி. சோறு ஊட்டிக்கிட்டே கத்துக்கொடுக்கறா. அதை எந்தச் சோதனைச் சாலையில வச்சு அளக்கறது?

அடுத்தது அம்பேத்கர். 1917ல பரோடா சமஸ்தானத்துல வேலைக்குச் சேர்றார். அமெரிக்காவிலும் லண்டனிலும் படிச்சுட்டு வந்தவர். அலுவலகத்துல இருந்த பியூன்கள் கோப்புகளை அவர் மேசையில தூக்கி எறிஞ்சாங்கன்னு அவர் வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க. குடிக்கத் தண்ணி கிடையாது. தங்க இடம் கிடைக்காம, பெயரை மாத்திச் சொல்லி ஒரு பார்சி விடுதியில தங்கினார். அங்கேயிருந்தும் தடியோட வந்து விரட்டினாங்க. அந்த பியூனைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சம்பளத்துல கீழே, படிப்புல கீழே. அலுவலகப் படிக்கட்டுல கடைசிப் படி. ஆனா இன்னொரு படிக்கட்டு இருக்குன்னும், அதுல தான் மேலே நிக்கறோம்னும் அவனுக்குத் தெரியும். எறிஞ்சா எந்த அதிகாரியும் கேக்க மாட்டான்னும் தெரியும். யாரும் கேக்காததுதான் அவனுக்குக் கிடைச்ச பரிசு.

இவ்வளவு நேரம் அவங்க கத்துக்கறதைப் பேசினோம். நாம என்ன கத்துக்கறோம்? நாற்காலி நுனியில உட்காரக் கத்துக்கறோம். 'எந்த ஊரு?'ன்னு கேட்டா தாலுகா பேரைச் சொல்லி நிறுத்திக்கக் கத்துக்கறோம். கூட்டத்துல தெரிஞ்ச பதிலையும் சொல்லாம இருக்கக் கத்துக்கறோம். கர்லா ஹாஃப், பிரியங்கா பாண்டேன்னு ரெண்டு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்கள்ல மேல்சாதிப் பையன்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் 321 பேரை வச்சுச் சோதனை செய்தாங்க. 2006ல அது வெளிவந்தது. தாள்ல வரைஞ்ச சிக்கல் வழிகளுக்கு விடை கண்டுபிடிக்கணும். யாரு என்ன சாதின்னு சொல்லாதப்போ ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் போட்டாங்க. சாதியைச் சபையில வாசிச்ச பிறகு நம்ம பிள்ளைங்க பின்தங்கிடுச்சுங்க. அதே பிள்ளை, அதே மூளை. 'தகுதி, திறமை'ன்னு வாய் கிழியப் பேசறவங்களுக்கு இந்தக் கட்டுரையை அச்செடுத்துக் கொடுங்க.

தனியார் நிறுவனத்துல இதெல்லாம் இல்லைன்னு நினைக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் ஒரே தகுதியோட, பேரை மட்டும் மாத்தி, தனியார் வேலைகளுக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தாங்க. 2007ல முடிவு வந்தது. தலித் பேருக்கு அழைப்பு வர்ற வாய்ப்பு மேல்சாதிப் பேரைவிட மூணுல ஒரு பங்கு குறைவு. அங்கே உள்ளே போறதுக்கு முந்தியே மூணாவது வாரம் வந்துடுது.

அப்போ என்ன செய்யறது? சாலமன் ஆஷ்னு ஒருத்தர் 1951ல கோடுகளை வச்சு ஒரு சோதனை செய்தார். சுத்தி உட்கார்ந்திருக்கிற எல்லாரும் கண்ணுக்கு எதிரே தப்பான கோட்டைச் சரின்னு சொன்னா, நடுவுல மாட்டின ஆளும் ஏறக்குறைய மூணுல ஒரு தடவை 'ஆமா'ன்னுடறான். கூட்டத்துல ஒரே ஒருத்தன் உண்மையைச் சொன்னாப் போதும், இவனும் பெரும்பாலும் துணிஞ்சுடறான். அந்த ஒருத்தர் யாருங்கறதுதான் அலுவலகத்துல நம்ம அரசியல். தட்டச்சர் அம்மா பதிவறைக்குப் போன பிறகும் மதியம் எங்க மேசைக்குத்தான் வந்தாங்க. சங்கத்துல பேசி, எழுத்துல கேட்டு, பதினோரு மாசத்துல மாத்தலை ரத்து செய்யவச்சோம். அதுக்குப் பிறகு எங்க மேசையில ரெண்டு நாற்காலி கூடுச்சு. அந்தப் பையன் வரலை, அது வேற.

சட்டத்துக்கும் அந்த ஒருத்தர் தேவை. 2025 சனவரியில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. திருச்சி மாவட்டத்து வழக்கு. வருவாய் ஆய்வாளர் ஒருத்தரை அவரோட அலுவலக அறைக்குள்ள வச்சுச் சாதி சொல்லித் திட்டினதா புகார். திட்டினதாச் சொல்ற நேரத்துல பொதுமக்கள் யாரும் அங்க இல்லை, உடன் வேலை பார்க்கிறவங்களும் பிறகுதான் வந்தாங்க, அதனால 'பொதுப் பார்வையில்' நடந்ததா ஆகாதுன்னு வழக்கை ரத்து செய்துட்டாங்க. அலுவலகத்துல மூடின கதவுக்குள்ள என்னென்ன நடக்கும்னு தெரிஞ்சவங்களுக்கு இந்தத் தீர்ப்போட கனம் புரியும். அதனால, தனியா உள்ளே கூப்பிட்டா இன்னொருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. கதவைத் திறந்து வைங்க. வெளியே வந்த உடனே தேதி, நேரம், யார் யார் இருந்தாங்க, எல்லாத்தையும் எழுதி வைங்க.

இப்ப ஒரு வெள்ளைத்தாள் வரும். ஏற்கெனவே வேலையில இருக்கிற தோழர்கள், உங்க இடத்துல தண்ணி எங்க வச்சிருக்கு, யார் எடுத்துக் கொடுக்கறாங்க, யாரோட உட்கார்ந்து சாப்பிடறீங்கன்னு எழுதுங்க. பேர் போட வேண்டாம். மாணவர்கள் விடுதியைப் பத்தி எழுதுங்க. சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் படிச்சுட்டுப் பேசலாம்.