பள்ளித் திடலில் பந்தாடிய நம் பிள்ளைகள்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கிள்ளான் வட்டாரத்தில் பந்து என்றதும் போர்ட் கிள்ளானில் 1953-இல் பிறந்த ஆர். ஆறுமுகத்தைச் சொல்லுகிறோம். நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயரெடுத்த கோல் காவலர். 1980-இல் தென் கொரியாவை 2-1 என வென்று ஒலிம்பிக் தகுதி பெற்றது அவர் ஆடிய குழு. மாஸ்கோவைப் புறக்கணித்ததால் போகவில்லை. 1988-இல் கார் விபத்தில், 35 வயதில் மறைந்தார். அவர் பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் தோட்டத்திலிருந்து சைக்கிள் மிதித்து இடைநிலைப்பள்ளி சென்று, பள்ளிக்குக் கோப்பை வாங்கித் தந்து, பிறகு பால்வெட்டும் கத்தி பிடித்த பிள்ளைகள்? கோப்பை பள்ளி அலமாரியில், பெயர்தான் இல்லை. லயங்களும் கலைந்துவிட்டன.

தெரிந்த பெயர்களை ஆண்டோடு எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். நாம் எழுதாவிட்டால் யார் எழுதுவார்?