வில்லும் வேகமும்



நான் சிறுவனாக இருந்தபோது, ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் என் பாட்டனார் எங்களைத் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு வில்வண்டியில் அழைத்துச் செல்வார். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றும் கட்டைவண்டியிலும் நான் போனதுண்டு. கட்டைவண்டியில் போனால் பாதையிலுள்ள ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து தன் பெயரைச் சொல்லும். வில்வண்டியிலோ பெட்டி இலேசாக அசைந்து கொடுக்கும், அவ்வளவுதான். அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைத்து வைத்த வில் செய்த உபகாரம் அது. அந்நாளில் வில்வண்டி வசதிக்கும் மதிப்புக்கும் அடையாளமாக இருந்தது. தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச் சாலையில் 1893-ஆம் ஆண்டு அய்யன்காளி வெங்கானூரில் வில்வண்டி ஏறிச் சென்றார் என்னும் செய்தியின் முழுப் பொருளும், இதை அறிந்தால்தான் விளங்கும்.

சென்ற ஆண்டுச் சாரலின்போது என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இருவர் மட்டுமே அமரக்கூடிய, வேகத்துக்கென்றே செய்யப்பட்ட பழைய கார் ஒன்றை அவன் வாங்கியிருந்தான். "சார், பழைய ஷாக் அப்சார்பரையெல்லாம் கழற்றிவிட்டு, தாழ்வான புதியவற்றை நானே மாட்டப் போகிறேன். நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்றான். மாணவன் அழைத்தால் போகாத ஆசிரியர் உண்டோ?

காரின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு துணைகள் உண்டு. ஒன்று சுருள்வில். மேட்டில் ஏறும்போது அது அமுங்கி, அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் விடாது. வில் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்தில் விழுந்த கார் ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே போகும். ஆகவே ஷாக் அப்சார்பர் என்னும் இரண்டாவது துணை வேண்டும். அதனுள்ளே எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு ஓடுகிறது; அசைவு வெப்பமாக மாறி அடங்குகிறது. என் மாணவன் வாங்கிய புதியவற்றின் உடலில் மரை வெட்டப்பட்டிருந்தது. அதிலுள்ள வளையத்தைத் திருகிக் காரின் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

நான் போனபோது கொல்லைப்புறத்துச் செம்மண்ணில், நனைந்த தரையில், ஒரே ஒரு ஜாக்கியின் மீது கார் நின்றுகொண்டிருந்தது. பையன் சக்கரத்தின் இடுக்கிலே கையை விட்டு மரையாணி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். "வெளியே வாடா, முதலில் தேநீர் குடிக்கலாம்" என்றேன். எழுந்து வந்து அவன் கையைத் துடைத்துக்கொண்டிருக்கையில் ஜாக்கி ஒருபுறமாகச் சாய்ந்தது. கார் பெருமூச்சு விட்டாற்போல மண்ணில் அமர்ந்தது. கை இருந்த இடத்தில் இப்போது உலோகம் இருந்தது. நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசவில்லை. தேநீர் ஆறிப் போயிற்று.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதியை அந்தப் பையனுக்குக் கற்பித்தவன் நான். இழுப்பு இருமடங்கானால் நீட்சியும் இருமடங்காகும் என்று 50 கிராம் எடைக்கற்களைத் தொங்கவிட்டுக் காட்டினேன்; வரைபடத்தாளில் நேர்க்கோடு வரையச் செய்தேன்; மதிப்பெண்ணும் போட்டேன். அதே விதி ஒரு மனிதனின் தாடையை உடைக்கும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு காரின் சுருள்வில்லை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2.5 கிலோ எடை வேண்டும் என்று கொள்வோம். 10 சென்டிமீட்டர் அமுக்கினால் 250 கிலோ எடையின் விசையோடு அது காத்திருக்கிறது. அதில் அடங்கிய ஆற்றல், ஒரு கிலோ இரும்பை மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் வேகத்தில் எறியப் போதும். பழைய வில்லைப் பிரிப்பவன் தலை உச்சிமரைக்கு நேரே இருந்தால் என்னவாகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் வேலை சிமெண்டுத் தரைக்கு மாறியது. தூக்கிய கார் ஜாக்கியை நம்பி நிற்கவில்லை. உறுதியான இரும்புத் தாங்கிகள் மீது நின்றது. வில்லை அமுக்கும் கருவியை இருபுறமும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் திருகினான். கழற்றிய பூட்டுமரைகளுக்குப் பதில் புதியவை போட்டான். இன்னொன்றை ஒரு பட்டறைக்காரர் சொல்லிக் கொடுத்தார்: ரப்பர் பொருத்துகள் உள்ள ஆணிகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிடலாகாது. கார் தன் எடையோடு தரையில் நின்றபிறகே கடைசி இறுக்கம். இல்லையேல் ரப்பர் முறுக்கியபடியே கிடந்து விரைவில் கிழியும். நாற்பதாண்டு இயற்பியல் அறிந்த எனக்கு இது தெரியாது.

எவ்வளவு தாழ்த்துவது என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு. அவன் பந்தயக் காரர்களைக் காட்டினான். உண்மைதான், கோவையைச் சேர்ந்த கரிவரதன் மாருதி 800 காரின் எஞ்சினைக்கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 1995-இல் விமான விபத்தில் மறைந்த அவருடைய பெயரைச் செட்டிப்பாளையத்துப் பந்தயப்பாதை தாங்கி நிற்கிறது. அத்தகைய பாதையில் குழியும் இல்லை, கேரளத்துக்குப் பாரம் ஏற்றிச் செல்லும் லாரியும் இல்லை. புளியரை மலைப்பாதை அப்படியா? வில்லின் விறைப்பை இருமடங்காக்கினால் காரின் துள்ளல் வேகம் ஏறத்தாழ 41 சதவீதம் கூடும். தாழ்த்திய காரின் சக்கரம் மேலெழ இடம் குறையும். சிறு குழியிலேயே அடிதாங்கிக் கட்டையில் போய் மோதும். சக்கரங்களின் சாய்வு மாறும். விளக்கொளியின் கோணமும் மாறக்கூடும். சட்டமும் உண்டு. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்குப் பதிவுச் சான்றிதழ் முரண்படும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. ஆகவே வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடு என்றேன். கேட்டான், அதன்பிறகே மீதி வேலை.

சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்தபின் ஒரு விடியற்காலையில் என்னை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகப் புளியரை வளைவுகளுக்குப் போனான். கார் வளைவில் சாயாமல் சாலையைப் பற்றிக்கொண்டு திரும்பியது. அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் என் முதுகெலும்பு கட்டைவண்டியை நினைத்துக்கொண்டது. "எப்படி சார்?" என்றான். சொன்னேன். அன்று மாலையே வளையத்தை இரண்டு திருகு உயர்த்தி வைத்ததாகத் தொலைபேசியில் தெரிவித்தான்.