கரும்பலகை யாருக்குத் தெரிகிறது?

(அரசு மாணவர் விடுதி ஒன்றில் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி ஆங்காங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி பற்றிப் பேசுகிறேன் என்றதும் ஏற்பாடு செய்த தம்பிகளுக்குக் கொஞ்சம் சங்கடம். ‘அண்ணே, இது இயக்கக் கூட்டம். கண்ணாடி அவங்கவங்க சொந்த சமாச்சாரம் இல்லையா?’ என்று கேட்டார்கள். செருப்பு சொந்த சமாச்சாரமா? டீக்கடை டம்ளர் சொந்த சமாச்சாரமா? நம்ம சனங்க தலையில் ‘உன் பிரச்சினை’ என்று கட்டிவிட்ட ஒவ்வொன்றையும் இறக்கி நடுவில் வைத்துப் பேசியதுதான் நம்முடைய அரசியல். அந்த வரிசையில் இன்றைக்குக் கண்ணாடி.

என் பவர் இரண்டு கண்ணிலும் மைனஸ் 9. வங்கியில் கிளார்க் வேலை. கண்ணாடி இல்லாவிட்டால் கவுண்டரில் ரூபாய் நோட்டை மூக்கில் ஒட்டித்தான் பார்க்க வேண்டும். ஆகவே இது எனக்குப் பொழப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. டாக்டர் சீட்டில் எழுதுகிற எண்ணால் ஒரு மீட்டரை வகுங்கள். வருகிற தூரம்தான் கண்ணாடி இல்லாமல் உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிற கடைசி எல்லை. மைனஸ் 2 என்றால் 50 செ.மீ. மைனஸ் 5 என்றால் 20 செ.மீ. என்னுடைய மைனஸ் 9க்கு 11 செ.மீ., அதாவது அரைச் சாண். அதற்கு அப்பால் உலகம் கலங்கல் தண்ணிதான். வெறும் மைனஸ் 2 உள்ள பிள்ளைக்கே முழங்கை நீளத்துக்கு அப்பால் எழுத்து தெளிவில்லை என்றால், கடைசி பெஞ்சிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி இருக்கிற கரும்பலகை என்னவாகத் தெரியும்?

கடைசி பெஞ்சில் யாரை உட்கார வைத்தார்கள் என்று உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள். தாத்தாவைக் கேட்டால் பெஞ்சே கிடையாது, தரைதான் என்பார். கிட்டப்பார்வை சாதி பார்த்து வருவதில்லை. ஆனால் முன்வரிசைப் பிள்ளைக்கு வந்தால் வாத்தியார் வீட்டுக்குச் சொல்லி அனுப்புகிறார், ‘பையன் கண்ணைச் சுருக்கிப் பாக்குறான், டாக்டர்ட்ட காட்டுங்க’ என்று. கடைசி வரிசைப் பிள்ளைக்கு வந்தால் அது மக்கு. ‘இதுங்களுக்கெல்லாம் எங்க ஏறப்போவுது?’ கண்ணின் குறை புத்தியின் குறையாகிறது. புத்தியின் குறை சாதியின் குறையாகிறது. பிறகு அந்தப் பிள்ளை செங்கல் சூளைக்கோ பனியன் கம்பெனிக்கோ போய்விட்டால், ‘படிப்பு வரல’ என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். படிப்பு வரவில்லையா, பலகை தெரியவில்லையா என்று ஒருத்தரும் சோதித்துப் பார்க்கவில்லை.

எனக்கு முதல் கண்ணாடி வந்தது ஒன்பதாம் வகுப்பில். அதுவரை பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். அதற்காகக் ‘காப்பி அடிக்கிறவன்’ என்று எனக்குப் பேர் வைத்திருந்தார்கள்.

வரலாற்றில் ஒரு பக்கத்தைப் பாருங்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கசாதியினர் நம் மக்கள்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது என்று போகிறது அந்தப் பட்டியல். 1931 ஜூனில் தடைகள் பதினொன்று ஆயின. அவற்றில் ஒன்று, பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பது. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பட்டியலில் மூக்குக்கண்ணாடி இல்லை. படிக்கவே கூடாது என்றவனுக்குக் கண்ணாடியைத் தனியாகத் தடை செய்ய வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? நம்ம தெருக்களில் பலவற்றில் முதன்முதலாகக் கண்ணாடி போட்டு நின்றவர் அண்ணல் அம்பேத்கர்தான், படமாகவும் சிலையாகவும். அந்தக் கண்ணாடியை அழகுக்காக யாரும் வரையவில்லை.

இன்றைக்குத் தடையைப் பட்டியல் போட்டு அறிவிப்பதில்லை. விலை போட்டு அறிவிக்கிறார்கள்.

கடைக்குப் போவோம். பவர் கூடுதல் என்று சீட்டைப் பார்த்ததுமே விற்பவர் முகம் மாறும். ‘சார், சாதா லென்ஸ் போட்டா சோடாபுட்டி மாதிரி இருக்கும். நல்லாருக்காது. தின் லென்ஸ் போட்டுக்குங்க’ என்பார். எனக்கு ஒரு கடையில் 1.74 லென்சுக்குச் சொன்ன விலை என் அப்பாவின் ஒரு மாசக் கூலிக்குச் சமம். பொண்ணுங்களிடம் இன்னும் ஒருபடி மேலே போய், ‘நாளைக்குப் பொண்ணு பாக்க வருவாங்கல்ல’ என்பார்கள். அங்கே விற்பது பார்வை இல்லை தோழர்களே, வெட்கம். ‘சோடாபுட்டி’ என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் வைத்த பட்டப்பேருக்கு நாம் தவணை கட்டிக்கொண்டிருக்கிறோம். தவணை எப்படி வட்டியாகிறது என்பதைத் தினம் கவுண்டரில் பார்க்கிறவன் நான்.

உண்மை என்ன? 1.50, 1.56, 1.60, 1.67, 1.74 என்று சொல்கிறார்களே, அது லென்ஸ் பொருளின் ஒளிவிலகல் எண். எண் ஏற ஏற லென்ஸ் மெலியும், விலை ஏறும். பார்வை கூடாது! மைனஸ் 9 எந்தப் பொருளில் செய்தாலும் மைனஸ் 9தான். சாதாரண 1.50 ஃபைபரில் நிறச் சிதறல் குறைவு. விலை கூடின 1.67 லென்சின் ஓரத்தில் பார்த்தால்தான் எழுத்தைச் சுற்றி வண்ணக்கோடு தெரியும். ஆக, காசு போவது மெலிவுக்கு.

அந்த மெலிவையும் காசில்லாமல் பாதி வாங்கலாம். மைனஸ் பவர் லென்ஸ் நடுவில் மெலிசு, விளிம்பில் தடிப்பு. நடுவிலிருந்து விளிம்பு எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்தில் தடிப்பு ஏறும். என் பவருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 56 மி.மீ. அகல வட்டத்தில் சாதாரண 1.50 லென்ஸ் போட்டால், விளிம்பு நடுவைவிட ஏறக்குறைய 7 மி.மீ. கூடும். அதே பிரேமில் விலை கூடின 1.67 போட்டால் 5.3 மி.மீ. பிரேமை மட்டும் 44 மி.மீ. ஆகச் சின்னதாக்கி, அதே சாதாரண லென்சைப் போட்டால் 4.4 மி.மீ. பாருங்கள், சின்ன பிரேம் செய்கிற வேலையை ஆயிரக்கணக்கான ரூபாய் லென்ஸ் செய்யவில்லை. இதைக் கடைக்காரர் உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

அதனால் கைக்காசு குறைந்தவர்கள் கவனிக்க வேண்டியது இவ்வளவுதான்.

பிரேமின் உள்பக்கம் 46-18-140 என்கிற மாதிரி மூன்று எண் இருக்கும். முதல் எண் லென்சின் அகலம், இரண்டாவது மூக்குப்பாலம், மூன்றாவது காதுக்குப் போகிற கையின் நீளம். உங்கள் இரண்டு கருவிழிகளின் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குப் பி.டி. என்று பேர். முதல் எண்ணையும் இரண்டாம் எண்ணையும் கூட்டினால் பி.டி.க்குப் பக்கத்தில் வர வேண்டும். அப்போதுதான் உங்கள் கருவிழி லென்சின் நடுவில் நிற்கும். வட்டமான, சின்ன, முழு விளிம்புள்ள பிளாஸ்டிக் பிரேம் எடுங்கள். தடிப்பு அதற்குள் ஒளிந்துகொள்ளும். விளிம்பில்லாத ஸ்டைல் பிரேம் நம்ம பவருக்கு ஆகாது.

லென்சின் நடு பி.டி.க்குச் சரியாக உட்கார வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நம்ம பவரில் இரண்டு மி.மீ. தப்பினாலும் தலைவலி, கண்வலி வரலாம். கண்ணாடி மூக்கில் வழுக்கி இறங்கினால் மைனஸ் பவர் குறைந்த மாதிரி ஆகிவிடும். ‘பவர் ஏறிடுச்சி’ என்று பயந்து புதுசு வாங்கப் போவதற்கு முன்னால், கடையில் காதுக் கையை இறுக்கிக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். சட்டை நுனியால் காய்ந்த லென்சைத் துடைக்காதீர்கள்; தண்ணியில் கழுவி மெல்லிய பருத்தித் துணியால் ஒத்தி எடுங்கள். லென்ஸ் இரண்டு வருசம் கூடவே உழைக்கும்.

மிச்சமாகும் காசில் இரண்டாவது கண்ணாடி ஒன்று செய்து வையுங்கள். ஒரே கண்ணாடியோடு இருக்கிற மைனஸ் 9காரன், ஒரே செருப்போடு முள்ளுக்காட்டுக்குள் போகிறவன் மாதிரி. பரீட்சைக்கு முந்தின நாள் அது உடைந்தால் ஒரு வருசப் படிப்பு போகும். பழைய கண்ணாடியையும் தூக்கிப் போடாதீர்கள். கொஞ்சம் மங்கலாகத் தெரிவது ஒன்றுமே தெரியாததைவிட மேல்.

இன்னொன்று. ‘கண்ணாடி போட்டா பவர் ஏறும், போடாம இருந்தா நின்னுடும்’ என்று நம்ம வீடுகளில் சொல்கிறார்கள். அது சரியில்லை. வளரும் வயசில் கண்ணின் உருண்டை நீளமாவதால் பவர் ஏறுகிறது. கண்ணாடியால் ஏறுவதில்லை. ‘பணம் வரட்டும், அப்புறம் போடலாம்’ என்று காத்திருக்கிற பிள்ளைக்குப் பவர் நிற்காது, பாடம்தான் நின்றுபோகும்.

இனி சிக்கனமே பார்க்கக்கூடாத ஒரு இடம். மைனஸ் 6க்கு மேல் போனவர்களின் கண் நீண்டு, உள்ளே இருக்கிற விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். அது கிழியவோ பிரியவோ மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். கண்ணில் மின்னல் வெட்டுகிற மாதிரி ஒளி, திடீரென்று நிறையக் கரும்புள்ளி, ஓரத்திலிருந்து திரை இறங்குகிற மாதிரி நிழல், இந்த மூன்றில் எது வந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூலி போச்சே, லீவு இல்லையே என்று ஒரு வாரம் தள்ளினால் கண்ணே போகலாம். ஒன்றும் வராவிட்டாலும் வருசத்துக்கு ஒருதரம் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். லேசர் ஆபரேஷன் செய்துகொண்டு கண்ணாடியைக் கழற்றியவர்களுக்கும் இது பொருந்தும். லேசர் கருவிழியைத்தான் செதுக்குகிறது. நீண்ட கண் நீண்டபடியேதான் இருக்கிறது.

எங்கே போவது? சென்னை எழும்பூரில் இருக்கிற அரசு கண் மருத்துவமனை 1819ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் கண் பிரிவு உண்டு. அது நம்ம வரிப்பணம், அதில் கூச்சம் வேண்டாம். விலை என்பது இயற்கை விதி இல்லை என்பதற்கு மதுரையே சாட்சி. வெங்கடசாமி என்ற டாக்டர் ஓய்வுபெற்ற பிறகு 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அவர்களே ஆரோலேப் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த புரை ஆபரேஷன் லென்சை இங்கேயே செய்து விலையைப் பல மடங்கு கீழே இறக்கினார்கள். மனசு வைத்தால் இறங்கும்.

அரசின் மனசு எப்படி? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கண்ணாடி போட்டுத் திருத்திய பிறகு எவ்வளவு தெரிகிறது என்றுதான் அளக்கிறது. மைனஸ் 12 உள்ள ஒரு கூலிக்காரர் மகள் சரியான கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிகிறது என்றால், சட்டப்படி அவளுக்குக் குறையே இல்லை. நல்லது. ஆனால் அந்தக் கண்ணாடி அவள் மூக்கில் இருக்கிறதா என்று சட்டம் கேட்கவில்லை. காகிதத்தில் பார்வை உள்ளவள், வகுப்பில் பார்வை இல்லாதவள்! 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பவர் கண்ணாடிக்கு 12 சதவீதம் வரி போட்டார்கள். 2025 செப்டம்பரில்தான் அது 5 சதவீதமாக இறங்கியது. பார்ப்பதற்கு ஏன் வரி என்பதுதான் நம் கேள்வி.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை செய்து இலவசமாகக் கண்ணாடி தருகிற ‘கண்ணொளி காப்போம்’ திட்டம் தமிழ்நாட்டில் 2009இல் வந்தது. 2013இல் வந்த ஒன்றிய அரசின் சிறார் நலத் திட்டத்திலும் பார்வைச் சோதனை உண்டு. இவை நம் உரிமை என்று தெரிந்து கேட்கிறவர்கள் எத்தனை பேர்? கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். சோதனை பள்ளி திறந்த ஜூனிலேயே நடக்க வேண்டும்; பரீட்சை நெருங்கும்போது வருகிற கண்ணாடி யாருக்கு உதவும்? பவர் கூடின பிள்ளைக்கு உடைந்தால் மாற்றிப் போட இரண்டாவது கண்ணாடி தர வேண்டும். பி.டி. அளந்து, முகத்துக்கு ஏற்ற அளவில் பிரேம் தர வேண்டும். கண்ணாடி வரும்வரை முதல் பெஞ்சில் இடம் தர வேண்டும். அந்த இடம் யாரும் போடுகிற பிச்சை இல்லை.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறவர்கள் ஒரு அளவுநாடா எடுத்துப் போங்கள். தெருவில் ஆறு மீட்டர் அளந்து கோடு போடுங்கள். கண் டாக்டரிடம் பார்க்கிற எழுத்துப் பலகையை அச்சடித்த அளவிலேயே ஒரு அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ‘ஈ’ எழுத்தை நாலு திசையிலும் திருப்பிப் போட்ட பலகை கிடைக்கிறது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒரு கண்ணைப் பொத்தி ஒரு கண்ணால் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் டாக்டர் இல்லை, பவர் எழுத வேண்டாம். தெரியாத பிள்ளையின் பேரையும் வகுப்பையும் மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். அவர்களைத்தான் முக்கியமாகக் கூப்பிட வேண்டும். அந்த நோட்டோடு தலைமை ஆசிரியரிடம் போங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஒருத்தராகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள்.

அந்த நோட்டில் எத்தனை பேர் சேர்கிறது என்று எனக்குக் கடிதம் எழுதுங்கள். அடுத்த முறை வரும்போது கவிதை பேசலாம்.

ஜெய்பீம்.