கடைசி வண்டி வரும் வரை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தொண்டு' என்னும் பொருள் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். எனக்கு முன் பேசிய அறிஞர்கள் நம் மரபிலிருந்து பல சான்றுகளை எடுத்துரைத்துவிட்டனர். ஆகவே நான் தொலைதூரத்து அலாஸ்காவிலிருந்து ஒன்றைச் சொல்ல விழைகிறேன். அது 'இடிடராட்' எனப்படும் நாய்வண்டிப் பந்தயம்.

ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில், நாய்கள் பூட்டிய பனிச்சறுக்கு வண்டிகள் ஆங்கரேஜ் நகரில் விழாக்கோலத்துடன் புறப்பட்டு, மலையும் உறைந்த ஆறுகளும் கடந்து, பெரிங் கடலோரத்து நோம் நகரை அடைகின்றன. தொலைவு ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். பனி போதாமையால், 2025 உட்படச் சில ஆண்டுகளில் ஃபேர்பேங்க்ஸிலிருந்து பந்தயம் தொடங்கியதும் உண்டு.

அந்நிலத்தில் நாய்வண்டி விளையாட்டுப் பொருளன்று. 1925-ஆம் ஆண்டு சனவரியில் நோம் நகரில் டிப்தீரியா என்னும் தொண்டை நோய் பரவியது. வானூர்தி செல்ல இயலாத கடுங்குளிரில், இருபது வண்டியோட்டிகள் கைமாற்றிக் கைமாற்றி, நெனானாவிலிருந்து 1,085 கிலோமீட்டர் தொலைவை ஐந்தரை நாள்களில் கடந்து மருந்தைக் கொண்டு சேர்த்தனர். பின்னர் பனி ஊர்திகள் வந்தன. 1960-களில் சிற்றூர்களில் நாய்கள் மறையலாயின. அந்த மரபு அழியலாகாது என்று கவலையுற்ற ஜோ ரெடிங்டன் முதலானோர் 1973-இல் நோம் வரையிலான இப்பந்தயத்தைத் தொடங்கினர்.

ஓடுவோரைப் பற்றி நூல்கள் பல உண்டு. நான் பேச வந்தது ஓடாதவர்களைப் பற்றி. பந்தயத்தைத் தாங்குவோர் நூற்றுக்கணக்கான தொண்டர்கள். பனி ஊர்திகளில் முன்னே சென்று வழி அமைப்போர் சிலர். தங்கள் சிறு விமானங்களில் நாய்களுக்கான உணவையும் படுக்கைக்குரிய வைக்கோலையும் சாவடிகளில் இறக்குவோர் சிலர். நள்ளிரவாயினும் வந்த வண்டியை எதிர்கொண்டு, நேரம் குறித்து, நாய்களை எண்ணி, கோடரி, பனிக்காலணி, உறக்கப்பை முதலிய கட்டாயப் பொருள்கள் உள்ளனவா என்று பார்ப்போர் சிலர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வண்டியோட்டி தன் நாய்களைத் தானே பேண வேண்டும் என்பது விதி. களைத்துத் தள்ளாடி வருபவருக்காகத் தொண்டர் அவருடைய நாய்களுக்கு உணவு சமைத்துப் போடலாகாது. கால்களுக்குத் துணியுறை மாட்டிவிடலாகாது. அருகில் நிற்கலாம், கை நீட்டலாகாது. பிறர் பணியைத் தான் பறித்துக்கொள்ளாமல் இருப்பதும் தொண்டின் ஓர் இலக்கணம் என்பதை அங்கே கற்கலாம். உதவுகிறோம் என்னும் நிறைவுக்காகவே உதவுவோர்க்கு இது எளிதான பாடமன்று.

கை நீட்ட வேண்டிய இடமும் உண்டு. வண்டியோட்டி ஒவ்வொருவரும் ஒரு மருத்துவக் குறிப்பேட்டைச் சுமந்து செல்கிறார். சாவடிகளில் கால்நடை மருத்துவத் தொண்டர்கள் நாய்களின் இதயத் துடிப்பையும் மூட்டுகளையும் உடலின் நீர்ச்சத்தையும் ஆராய்ந்து அதில் ஒப்பமிடுகின்றனர். தளர்ந்த நாய் அங்கேயே விடப்படும். அது மீண்டும் அப்பந்தயத்தில் சேர இயலாது. விமானம் வரும் வரை அதற்கு உணவும் வைக்கோலும் தந்து காப்பவர் தொண்டரே. அவ்வாறு திரும்பிய நாய்களை, ஆங்கரேஜுக்கு அருகிலுள்ள ஈகிள் ரிவர் சிறைச்சாலையின் கைதிகள் பல ஆண்டுகள் பேணிவந்தனர் என்பது எண்ணி வியத்தற்குரியது.

இத்தனை காப்பு இருந்தும் நாய்கள் இறந்திருக்கின்றன. 2024-இல் மட்டும் மூன்று நாய்கள் மாண்டன. இப்பந்தயமே கூடாது என்று விலங்குநல அமைப்புகள் வாதிடுகின்றன. அவ்வாதத்தை நாம் புறந்தள்ள இயலாது. ஓடுவது அந்நாய்களின் இயல்பாயிருக்கலாம். எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல அவற்றுக்கு வாய் இல்லை. ஆதலால் அந்த மருத்துவர் குனிந்து பார்க்கும் சில நிமிடங்களில் ஓர் உயிரின் வழக்கு நடக்கிறது. வண்டியோட்டி வெற்றியை எண்ணுவார். பார்வையாளர் வேகத்தை எண்ணுவார். நாயை மட்டும் எண்ணுவதற்கு ஒருவர் வேண்டும். பந்தயத்தில் தமக்கென எதையும் பணயம் வைக்காதவரே அதற்குத் தகுதியுடையவர். தொண்டு ஊதியம் கருதாததாக இருக்க வேண்டும் என்பதன் காரணம் எனக்கு இங்கேதான் விளங்கிற்று.

இறுதியாக ஒரு வழக்கம். முற்காலத்தில் வண்டியோட்டி வழியில் இருக்கிறார் என்றால், வழிச்சாவடியில் ஒரு விளக்கை ஏற்றி வைப்பார்கள். அவர் நலமாக வந்து சேரும் வரை அணைக்கமாட்டார்கள். இன்றும் பந்தயம் தொடங்குகையில் நோம் நகரில் ஒரு விளக்கு ஏற்றப்படுகிறது. 1973-இல் முதலில் வந்தவருக்கு இருபது நாள்கள் ஆயின. கடைசியாக வந்தவருக்கு முப்பத்திரண்டு. முதல்வர் வந்ததும் விளக்கை அணைப்பதில்லை என்பதே செய்தி. கடைசியாக வருபவருக்குச் 'செவ்விளக்கு' என்றொரு பரிசும் உண்டு.

பத்தாண்டுகளாக இந்த வட்டத்தில் மேடை ஏறியவர்களின் பெயர்கள் இம்மலரில் இருக்கின்றன. நாற்காலி இட்டவர்கள், அழைப்பிதழுக்கு அஞ்சல்தலை ஒட்டியவர்கள், கடைசிப் பேச்சாளர் முடிக்கும் வரை கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தவர்கள் ஆகியோரின் பெயர்களும் இடம்பெற வேண்டும் என்று வேண்டி அமைகிறேன்.