தலைவிதியா? பயிற்சியா?
(நெமிலிச்சேரியில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு கல்லூரி விளையாட்டு ஆசிரியரின் வாழ்க்கை. "இதற்கும் பகுத்தறிவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். கேட்டுவிட்டு முடிவில் நீங்களே சொல்லுங்கள்.

சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை 1920இல் துவக்கியவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். ஸ்பிரிங்ஃபீல்டில் பயிற்சி பெற்றவர். 1891இல் கூடைப்பந்து ஆட்டம் பிறந்ததும் அதே இடத்தில்தான். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்தியக் கோஷ்டிக்கு இவரே மானேஜர். 1943இல் காலமானார். தாம் ஆடிப் பேர் வாங்குவதைவிட, ஆட்டம் கற்பிக்கும் ஆசிரியர்களைத் தயார் செய்வதே இவருடைய வேலை.

அவர் கிறிஸ்தவ சங்கத்தின் பேரால் வந்தவர். அதற்காக நாம் அவரைப் புகழ வரவில்லை. அவர் தொழிலைக் கவனியுங்கள். ஓடுகிறவனை ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பது; தாண்டுகிறவனைத் தாண்டவிட்டு நாடா பிடித்து அளப்பது; குறையைச் சொல்லித் திருத்துவது; மறுநாள் மீண்டும் அளப்பது. இதில் ஜாதகம் எங்கே? பூர்வஜென்ம கர்மம் எங்கே? எல்லாம் தலையில் எழுதியபடி நடக்குமானால் பயிற்சி ஆசிரியர் என்று ஒருவர் எதற்கு? அவருக்குச் சம்பளந்தான் எதற்கு?

நிற்க. இந்த நாட்டில் ஜாதி ஆட்டக்களத்தையும் விடவில்லை. புனாவில் பல்வாங்கர் பாலு என்ற தோழர், தீண்டாதார் என்று தள்ளப்பட்ட வகுப்பில் பிறந்தவர், மைதானத்தைச் செப்பனிடும் கூலியாக இருந்து பந்து வீசக் கற்றார். அவர் வீசிய பந்து வேண்டியிருந்தது. அவரோடு உட்கார்ந்து டீ குடிக்க மாத்திரம் முடியவில்லை. வெளியே நிறுத்தி, தனி மண் குவளையில் கொடுத்தார்கள்! அவரே 1911இல் இங்கிலாந்தில் 100க்கு மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்தார். பந்துக்குத் தீட்டு தெரியவில்லை, தோழர்களே! மனிதனுக்குத்தான் தெரிந்தது.

நாம் சிறுவயதில் படித்த ஒரு பள்ளிக்கூடத்தில் நம்மைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். ஓடிப் போய்ப் பந்தை எடுத்து எறிவதே நமக்கு விளையாட்டு. ஆடத் தெரியாதவன் என்றார்கள். ஆடவிட்டால்தானே தெரியும்?

பெண்கள் சங்கதி இதைவிட மோசம். வயதுக்கு வந்தவுடன் மைதானம் போதும் என்கிறோம். அமெரிக்காவில் 1972இல் ஒரு சட்டம் செய்தார்கள்: அரசாங்கப் பணம் வாங்கும் கல்விச்சாலை ஆண் பெண் பேதம் பாராட்டக் கூடாது என்று. அதன்பின் கல்லூரிகளில் பெண்கள் கோஷ்டிகள் பெருகின. 1887இல் சிக்காகோவில் வேடிக்கையாக ஆரம்பித்த சாஃப்ட்பால் ஆட்டம், 1996இல் பெண்களுக்கான ஒலிம்பிக் போட்டியாயிற்று. அந்தப் பெண்களின் கை கால் ஒரு சட்டத்தினால் மாறிவிட்டதா? இல்லை, அடைத்த கதவு திறந்தது, அவ்வளவுதான்.

ஆகவே தாய்மார்களே! பரிகாரத்துக்கும் ஜோசியனுக்கும் கொடுக்கும் காசில் பிள்ளைகளுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுங்கள். எந்தத் தெருப் பிள்ளையானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், ஒரே மைதானத்தில் இறக்கிவிடுங்கள். ஒரு வருஷம் கழித்து நாடா பிடித்து அளந்து பாருங்கள். விதி பொய்யா நாம் சொல்வது பொய்யா என்று அந்த நாடா சொல்லும்.