வெறுங்கால் ஆட்டக்காரர்கள் சொன்ன பாடம்



தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்கள் எல்லாருக்கும் பழகிய காட்சி ஒன்று உண்டு. வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகள் திடலில் கூடுவார்கள். ஒருவன் காலிலும் சப்பாத்து இருக்காது. பந்து மட்டும் பறக்கும். லயத்து வாசலில் நின்று தாய் குரல் கொடுப்பாள்: “ஏண்டா, பந்து உனக்குச் சோறு போடுமா?” இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, பழைய காற்பந்துக் கதை ஒன்றை இன்று பார்ப்போம்.

நம் ஜார்ஜ்டவுனில் 1816இல் தோன்றிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலையும், 1852இல் தோன்றிய செயிண்ட் சேவியர் பள்ளியையும் நாம் அறிவோம். அதே புனிதர் சேவியரின் பெயர் தாங்கிய கல்லூரி ஒன்று கல்கத்தாவிலும் உண்டு. அந்தக் கல்லூரியின் காற்பந்துக் குழு 1911 ஜூலையில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டுப் போட்டியில் இறங்கியது. எதிரே நின்றது, 1889இல் தொடங்கப்பட்ட மோகன் பகான் குழு. அந்தக் குழுவின் பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடியவர்கள். ஆட்டம் முடிந்தபோது கல்லூரிக் குழு மூன்றுக்குச் சுழியம் என்று தோற்றிருந்தது. ஷீல்டைப் பொறுத்தவரை, கல்லூரிக்கு அந்த ஆண்டு அன்றோடு முடிந்தது. வென்றவர்களுக்கோ அதுதான் தொடக்கம்.

அந்த நாளில் ஷீல்டு என்றாலே வெள்ளைக்காரப் பட்டாளங்களின் சொத்துப் போல இருந்தது. 1893இல் போட்டி தொடங்கியதிலிருந்து இந்தியர் குழு எதுவும் அதை வென்றதில்லை. மோகன் பகான் அடுத்து ரேஞ்சர்ஸ் குழுவை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது; ரைஃபிள் பிரிகேட் பட்டாளத்தை ஒரு கோலில் வென்றது. அரையிறுதியில் மிடில்செக்ஸ் பட்டாளத்தோடு ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று எனச் சமமாயிற்று. மறுபடி ஆடி, மூன்று கோல்களில் வென்றார்கள்.

ஜூலை 29ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரி ஈஸ்ட் யார்க்‌ஷயர் பட்டாளம். கல்கத்தா மைதானத்தில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். முதல் கோலைப் போட்டது பட்டாளம்தான். வெறுங்கால்காரர்கள் அதற்குச் சோர்ந்துவிடவில்லை. தலைவர் சிப்தாஸ் பாதுரி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலைப் போட்டார். ஷீல்டு முதன்முதலாக இந்தியர் கைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் நம் முன்னோர் எங்கே இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, செபராங் பிறையிலும் பிற இடங்களிலும் காடு திருத்திக்கொண்டிருந்தார்கள். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைத் திரட்டும் முறை 1910இல்தான் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை அதற்குப் பின்னும் நீடித்தது. ‘துரைக்கு நிகராக நிற்க நம்மால் ஆகுமா?’ என்று அஞ்சி வாழ்ந்த காலம் அது. ஒரு ஷீல்டினால் ஆட்சி மாறிவிடவில்லை. இந்தியா விடுதலை பெற இன்னும் 36 ஆண்டுகள் ஆயின. ஆனால், ஒரே திடலில், ஒரே விதிப்படி மோதினால் துரையின் பட்டாளமும் தோற்கும் என்பதைப் பல்லாயிரம் பேர் கண்ணால் கண்டார்கள்.

இனி, தாய் கேட்ட கேள்விக்கு வருவோம். ஷீல்டு வென்ற அந்தக் குழுவில் பந்தை நம்பிப் பிழைத்தவர் எவரும் இல்லை. சிலர் கல்லூரி மாணவர்கள். சிலர் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள். சுதிர் சட்டர்ஜி கல்லூரியில் பாடம் சொன்னவர். படிப்பையும் வேலையையும் விடாமல்தான் அவர்கள் பந்தும் ஆடினார்கள். ஆகவே, “பந்து வேண்டாம், படி” என்றும் சொல்ல வேண்டாம். “படிப்பு வேண்டாம், ஆடு” என்றும் விட்டுவிட வேண்டாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு மாலையில் திடலும் வேண்டும்; இருட்டியதும் புத்தகமும் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினொருவரில் சப்பாத்து அணிந்து ஆடிய ஒரே ஒருவர் அந்தச் சுதிர் சட்டர்ஜிதான். வெறுங்காலால் வென்றார்கள் என்பதால் வெறுங்காலே உயர்ந்தது என்று ஆகிவிடாது. 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியர் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, பிரான்சிடம் ஒன்றுக்கு இரண்டு என்று நூலிழையில் தோற்றார்கள். அன்று இந்தியாவின் கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து என்று தோற்றார்கள். அதன் பிறகுதான் சப்பாத்து கட்டாயமாயிற்று.

திடலுக்கு வெளியேயும் இது பொருந்தும். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மண்ணில் கிடந்து, பாதத்தின் தோலைத் துளைத்து உடம்புக்குள் புகுகிறது. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. பிள்ளை வெளிறிப்போய்ச் சோர்ந்துவிடும்; பாடத்தில் மனம் நிற்காது. முன்பு தோட்டங்களில் எத்தனையோ பேரை இந்தப் புழு வாட்டியது. கழிப்பறையைப் பயன்படுத்துவதும், காலில் சப்பாத்தோ செருப்போ அணிவதும் இதைத் தடுக்கும்.

மலாயாக் கிண்ணப் போட்டி 1921இல் தொடங்கியது. நம் பினாங்கு அதை முதன்முதலாக வென்றது 1953இல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்து பெற்ற வெற்றி அது. பிள்ளைகளுக்கும் அந்தப் பொறுமை வேண்டும், பெற்றோருக்கும் வேண்டும்.

சப்பாத்து இல்லையே என்று உங்கள் மகன் திடலின் ஓரத்தில் ஒதுங்கி நின்றால், கல்கத்தாவின் அந்தப் பத்துப் பேரைப் பற்றி அவனுக்குச் சொல்லுங்கள். சம்பள நாள் வந்ததும், முடிந்தால் ஒரு சோடிச் சப்பாத்தும் வாங்கிக் கொடுங்கள்.